ஆக்ரா வழியாகப் பெரியம்மா வீட்டுக்கு

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாக இதே கூத்துதான். "உனக்குப் பிடித்த ஊர் எது, மறக்க முடியாத பயணம் எது, போட்டோவோடு போடு" என்று யாரோ கொளுத்திப் போட்டீர்கள். அவ்வளவுதான். ஒருத்தி சுவிட்சர்லாந்துப் பனியில் பட்டுப்புடவையோடு நிற்கிறாள். ஒருவன் துபாயில் ஒட்டகத்தின் மேல், ஒட்டகத்தைவிடப் பாவமான முகத்தோடு. இன்னொருத்தி பாரிஸ் கோபுரத்தை விரல் நுனியில் பிடித்துக் காட்டுகிறாள். மகன் கூட்டிப் போனான், மருமகள் டிக்கெட் போட்டாள் என்று கீழே குறிப்பு வேறு. எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் இருக்கிறது.

"நீ மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை? நம்மில் முதலில் தாஜ்மஹால் பார்த்தவள் நீதானே" என்று நேற்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், நான்தான். ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த அன்று உங்கள் அத்தனை பேரிடமும் பீற்றிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த லீவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நீளமாக இருக்கும். படிக்கப் பொறுமையில்லாதவர்கள் வழக்கம்போல ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்பிவிட்டு நகர்ந்துகொள்ளலாம்.

அப்போது நாங்கள் போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில், தகரக் கூரை போட்ட மரவீட்டில் இருந்தோம். அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. நம் வீடுகளில் எல்.டி.சி., அதாவது லீவுப் பயணச் சலுகை, என்ற மூன்றெழுத்துக்கு இருந்த மகிமை உங்களுக்குத் தெரியும். அரசாங்கமே குடும்பத்தோடு மெயின்லேண்டுக்கு அனுப்பி வைக்கும் யோகம் அது. சொந்த ஊருக்குப் போகலாம், அல்லது சில வருடங்களுக்கு ஒரு முறை இந்தியாவில் எந்த ஊருக்கும் போகலாம். அப்படிப் போனவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு படம் தொங்கும். பின்னால் தாஜ்மஹால், முன்னால் புருஷன், பெண்டாட்டி, விறைத்துப்போன பிள்ளைகள். அப்பாவின் அலுவலக நண்பர் வீட்டில் அந்தப் படம் இருந்தது. அவர் மனைவி கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்பா டீயைக் குடிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா இங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா கைதியாக வந்து இறங்கியவர். அதனால் ஃபாரத்தில் சொந்த ஊர் என்று கேட்ட இடத்தில் போர்ட் பிளேர் என்றுதான் எழுதுவார். அம்மா மானாமதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணத்துக்கென்றே இங்கே கப்பல் ஏறி வந்தவள். அவள் ஊரை எழுத எந்த ஃபாரத்திலும் கட்டம் இல்லை. கல்யாணமான பதினோரு வருடத்தில் ஒரே ஒரு தடவை, என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போய் வந்தாள். அவளுக்குத் தாய் தகப்பன் கிடையாது. வளர்த்தது முழுக்க அக்காதான், அதாவது என் பெரியம்மா. தனக்குப் பிள்ளை இல்லாததால் தங்கையையே பிள்ளையாக வளர்த்தவள்.

அப்பா "ஆக்ரா" என்று எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் கழித்துப் பெரியப்பாவின் கடிதம் வந்தது. பெரியம்மாவுக்கு வயிற்றில் கட்டி, மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், தங்கச்சியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள் என்று எழுதியிருந்தார். கடிதம் கப்பலில் வந்து சேரவே பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

"ஆக்ராவ மாத்திக் குடுத்துருங்க. நேரா அக்காகிட்டப் போயிருவோம்" என்றாள் அம்மா.

"அரே, எழுதிக் குடுத்து சாங்ஷன் ஆயிடுச்சு. இப்ப மாத்தினா மொத்தமும் கேன்சல். லீவும் போயிடும்" என்றார் அப்பா.

"எங்க அக்கா சாகக் கெடக்குறா. ஒங்களுக்குக் கல்லறை பாக்கணுமாக்கும்."

"பாத்துட்டுத் திரும்பி வரப்ப நேரா உங்க ஊருதான். அஞ்சு நாள் முழுசா இரு. நான் வேணாம்னு சொன்னேனா?"

இதில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மா அழுதுகொண்டிருக்கும்போது, "அப்போ தாஜ்மஹால் உண்டுதானே?" என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஹேடோ துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். பங்க் கிளாஸ், அதாவது அடித்தட்டில் அடுக்குப் படுக்கை. எஞ்சின் எண்ணெய் நாற்றம், பருப்புக் குழம்பு நாற்றம், வாந்தி நாற்றம். மூன்றும் கலந்த ஒரு வாடை இப்போதும் எங்கேயாவது வீசினால் எனக்குத் தலை சுற்றும். மூன்று நாளும் நான் எழுந்திருக்கவில்லை. அம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டு நாக்கில் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா மேல்தளத்தில் சீட்டாடினார். அவருக்குக் கடல் ஒன்றும் செய்யாது.

மெட்ராஸில் இறங்கி ரயில் ஏறினோம். அப்பா வாழ்க்கையில் முதல் முறையாக ரயில் ஏறினார். நாற்பது வயது ஆள், ஜன்னலோரம் எனக்குக் கிடையாதென்று சொல்லிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டார். பாலம் வந்தால், "பார் பார்" என்று என் முதுகில் அடிப்பார். நானும் பார்த்தேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா மேல் பலகையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

தாஜ்மஹாலைப் பற்றி என்ன சொல்ல? மே மாத வெயிலில் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பளிங்கு என்ன பளிங்கு, தோசைக்கல். உள்ளங்கால் வெந்துபோய் நொண்டி நொண்டி ஓடினேன். போட்டோக்காரர் எங்களை நிறுத்தி, அம்மாவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். அம்மாவுக்கு இந்தி அரைகுறைதான், ஆனால் அது புரிந்தது. சிரிக்கவில்லை. "முஸ்குராயியே பஹன்ஜி" என்று மூன்று தடவை கெஞ்சிவிட்டு அவர் அப்படியே எடுத்துவிட்டார். அம்மா அன்று முழுக்கப் பேசியது ஒரே வாக்கியம். "பாத்தாச்சுல்ல, கெளம்புவோமா?"

திரும்பி வரும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. இந்தத் தீவில் பிறந்தவனைத் தவிர வேறு எவனும் அப்படி ஒரு தப்பைச் செய்யமாட்டான்.

நம் கப்பல் கிளம்புகிற அழகு உங்களுக்குத் தெரியும். முதல் சங்கு ஊதி, கீழே இருப்பவர்கள் அழுது, இரண்டாவது சங்கு ஊதி, மறந்த மூட்டையை ஒருத்தன் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, ஏணியை இழுத்து, கயிறு அவிழ்த்து, அதற்குப் பிறகும் அரை மணி நேரம் கையாட்டலாம். அப்பா ரயிலும் அப்படித்தான் என்று நினைத்தார். இட்டார்சி ஸ்டேஷனில் கூஜாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கினார். குழாயடியில் கூட்டம்.

"வண்டி போயிறப் போவுது, சீக்கிரம் வாங்க" என்று அம்மா ஜன்னலில் கத்தினாள்.

"மூணு தடவ ஊதாம எப்டிடி போவும்?" என்று அப்பா நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

வண்டி ஒரு தடவைதான் ஊதியது. அப்பா கூஜாவோடு நின்றபடியே சின்னதாகிப் போனார். ஓடக்கூட இல்லை. இரண்டாவது சங்குக்குக் காத்திருந்தார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

டிக்கெட் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. டி.டி.ஆர். வந்து கேட்டபோது நான்தான் நம் தீவு இந்தியில் பேசினேன். "ஹமாரா பாப்பா பானி லேனே கயா", அப்பா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார் என்று. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அந்தமான் என்றேன். "காலாபானியா?" என்று அவர் எங்கள் டிரங்குப் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். அடுத்த பெரிய ஸ்டேஷனில் இறங்கி அப்பாவுக்காகக் காத்திருக்கச் சொன்னார்கள். இட்டார்சிக்குத் தகவல் அனுப்புவதாகவும் சொன்னார்கள். இறங்கினோம்.

அந்தப் பிளாட்பாரத்தில் ஒரு பகல், ஒரு இரவு. அப்பா வருவாரா மாட்டாரா என்றே தெரியாது. வரும் வண்டி ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது. அப்பா இனிமேல் கிடையாது என்று நான் முடிவே செய்துவிட்டேன். அந்தப் பயம் என் எலும்புக்குள் இறங்கியது அங்கேதான். மறுநாள் ஏதோ ஒரு பாசஞ்சர் வண்டியிலிருந்து அப்பா இறங்கினார். கையில் கூஜா இருந்தது, நிறையத் தண்ணீரோடு. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். முன்பதிவு போய்விட்டதால் கிடைத்த வண்டியில் ஏறி, மாறி மாறி, மெட்ராஸ் வந்து சேர மொத்தம் மூன்று நாள் வீணாகியிருந்தது.

பட்ட காலிலே படும் என்பார்களே. மெட்ராஸில் கப்பல் அலுவலகப் பலகையில், நாங்கள் நினைத்த தேதிக்கு முன்னாலேயே கப்பல் கிளம்புவதாக எழுதியிருந்தது. நாளை மறுநாள் சாயங்காலம். அதை விட்டால் அடுத்த கப்பல் எப்போதென்று கேட்டால், கவுண்டரில் இருந்தவர், "கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார். அப்பாவின் லீவு முடிகிறது. எனக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது.

மண்ணடியில் நம் தீவுக்காரர்கள் தங்கும் லாட்ஜில் இறங்கினோம். அப்பாவும் அம்மாவும் காலையிலிருந்து சண்டை. நடுவில் எனக்குத் தாகமென்று அப்பா கீழே கூட்டிப் போய், தள்ளுவண்டியில் அறுத்து வைத்திருந்த தர்ப்பூசணி வாங்கிக் கொடுத்தார். "வெட்டி வச்சதெல்லாம் வாங்கிக் குடுக்காதீக, ஈ மொய்க்குது" என்று அம்மா மாடியிலிருந்தே கத்தினாள். நான் இரண்டு துண்டு தின்றேன். இனித்தது. அதில் ஒரு கெடுதலும் இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் எழும்பூரிலிருந்து மானாமதுரைக்கு ஒரு ரயில் டிக்கெட்.

"நீ மட்டும் போயிட்டு வா. இன்னிக்கி ராத்திரி வண்டி. காலையில எறங்கினா ஒரு முழுப் பகல் அக்காகூட இருக்கலாம். ராத்திரி ஏறினா கப்பலுக்கு வந்துடலாம். வர முடியலன்னா பரவாயில்ல, அடுத்த கப்பல்ல வா. குழந்தைய நான் பாத்துக்கறேன். டீக் ஹை?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பயணத்தில் முதல் முறையாக அவள் முகம் மலர்ந்தது. சேலையை உதறி மடித்துப் பைக்குள் வைத்தாள். அக்காவுக்கு என்று தீவிலிருந்து கொண்டுவந்த சிப்பி மாலையை எடுத்து மேலே வைத்தாள்.

"நானும் வர்றேன்" என்றேன்.

"கூட்டத்துல இடிபட்டுப் போயி இடிபட்டு வரணும்டா கண்ணு. ஒன்னையும் இழுத்துக்கிட்டு ஓட முடியாது. ஒரு நாள்தான். ஓடி வந்துருவேன்."

என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். வர முடியாவிட்டால் அடுத்த கப்பல். பிளாட்பாரத்தில் நின்று சின்னதாகிப் போன அப்பாவைப் பார்த்த கண் இது. ரயில் யாருக்காகவும் நிற்காது என்று எனக்கு மட்டுந்தான் தெரியும்போல இருந்தது. அம்மா இல்லாமல் அந்த பங்க் கிளாஸில் மூன்று நாள் கிடப்பதையும் நினைத்தேன். பெரியம்மாவை நினைக்கவே இல்லை. முகம்கூடத் தெரியாத ஆள் அவள்.

கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் நாம் கண்டுபிடித்து வைத்திருந்த வித்தை உங்களுக்கு மறந்திருக்காது. பரீட்சை அன்று காலையில் கடல்தண்ணி போல உப்புக் கரைத்து ஒரே மடக்கில் குடித்தால் வாந்தி நிச்சயம், பள்ளிக்கூடம் கிடையாது. நம்மில் பாதிப் பேர் செய்ததுதான். அம்மா குளிக்கப் போனதும், பையிலிருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்து டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடித்தேன். ஒரு தடவை போதவில்லை. இன்னொரு டம்ளரும் குடித்தேன்.

குடல் வெளியே வருகிற மாதிரி எடுத்தேன். செக்கச்செவேலென்று தர்ப்பூசணியும் வந்தது. அம்மா ஈரத் தலையோடு ஓடி வந்து என்னைத் தாங்கிக்கொண்டாள். "வயிறு வலிக்குதும்மா, வலிக்குதும்மா" என்று சுருண்டு புரண்டேன். பாதி நடிப்பு. அதற்குள் பாதி உண்மையாகவே ஆகிவிட்டது.

"கண்டதையும் வாங்கிக் குடுத்துப் புள்ளைய இந்தக் கதிக்கு ஆக்கிட்டீகளே! வேணாம் வேணாம்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேனே, கேட்டீகளா?"

அப்பா வாசலிலேயே நின்றார். பிறகு வந்து தரையைத் துடைத்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். குழாயடியில் வெகு நேரம் நின்றார். ராத்திரி எட்டு மணிக்கு அம்மா பையிலிருந்து சேலையை வெளியே எடுத்தாள். அப்பா அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் நான் இட்லி தின்றேன். இனிமேல் புறப்பட்டால் ஊரை மிதிக்கும்போதே திரும்ப வேண்டும், அதற்குள் புள்ளைக்கு மறுபடி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மா தானே சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கப்பலில் இரண்டாம் நாள் அப்பா என்னை மேல்தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். காற்று பட்டால் தலைசுற்றல் நிற்கும் என்று அம்மாவிடம் சொன்னார். கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உப்புத் தண்ணி இனிமே குடிக்காத. கொடல் புண்ணாயிடும். சமஜா?"

அவர் திட்டவில்லை. அம்மாவிடம் சொல்லப் போவதாக மிரட்டவும் இல்லை. "பறக்குற மீன் பாரு" என்று கை நீட்டினார்.

பெரியப்பாவின் கடிதம் அடுத்த கப்பலில் வந்தது. எங்கள் கப்பல் மெட்ராஸை விட்ட மறுநாள் பெரியம்மா போய்விட்டாள். கட்டிலை வாசலுக்கு நேராகப் போடச் சொல்லி, பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம், "வந்துட்டாளா பாருங்க" என்று கேட்டாளாம். கடைசி வரை நினைவு தப்பவில்லை என்று எழுதியிருந்தார். அம்மா போயிருந்தால் ஒரு முழுப் பகல் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

"நீங்க அந்தத் தர்ப்பூசணிய வாங்கிக் குடுக்கலேன்னா நான் போயிருப்பேன்" என்றாள் அம்மா. கத்தவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்.

நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே வார்த்தையில் அவர் தப்பித்திருக்கலாம்.

"ஆமா. நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் தர்ப்பூசணி வந்ததில்லை. தாஜ்மஹால் படம் மட்டும் தபாலில் வந்தது. அப்பா அதை மாட்டப் போனபோது அம்மா தடுக்கவில்லை. கரையான் அரிக்கும் வரை முன்னறையில்தான் தொங்கியது. வந்தவர்கள், "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "கல்லறைதானே. எங்க அக்காளையும் அங்கதான் வச்சுட்டு வந்தோம்" என்பாள். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். சோறு போடுவாள், துணி துவைப்பாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைப்பாள். ஆனால் அவரோடு உட்கார்ந்து சிரித்து நான் பார்க்கவில்லை. மெயின்லேண்டுக்கு அவள் அப்புறம் போகவே இல்லை. அடுத்த எல்.டி.சி. வந்தபோது, மானாமதுரைக்கே போவோம் என்று அப்பா கெஞ்சினார். "யாரப் பாக்க?" என்றாள்.

நான் சொல்லியிருக்கலாம். பத்து வயதில் பயம். இருபது வயதில் வெட்கம். நாற்பது வயதில், இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது என்ற திமிர். இதில் இன்னொரு கேவலமும் உண்டு. அம்மா திட்டத் திட்ட எனக்கே அப்பா மேல் கோபம் வளர்ந்தது. இந்த ஆள் ஆக்ராவுக்குக் கூட்டிப் போகாமல் இருந்திருந்தால், ரயிலைத் தவறவிடாமல் இருந்திருந்தால் என்று என் பங்கு கழுவிப் போகிற அளவுக்கு அவர் தப்பைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். அவரிடமே எரிந்து விழுவேன். அவர் ஒரு நாளும் அந்த உப்பைப் பற்றிப் பேசவில்லை.

அப்பா போனபோது நீங்களெல்லாம் வந்தீர்கள். மழை கொட்டிய நாள், முன்னறையில் நிற்க இடமில்லை. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. யாரையும் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நல்ல மனுசன்தான். ஆனா ஒரு துண்டு பழத்தால எங்க அக்கா மொகத்த நான் பாக்காமப் பண்ணிட்டாரு. அத நான் மன்னிக்கல."

உங்களில் ஒருத்தி என் தோளைத் தொட்டாள். யாரென்று எழுத மாட்டேன், நல்ல மனதோடுதான் சொன்னாள். "அந்த வெயில்ல, வெட்டி வச்ச பழத்த யாராவது குழந்தைக்கு வாங்கிக் குடுப்பாங்களா? உங்கப்பா கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

அப்பா பக்கத்தில்தான் படுத்திருந்தார். அம்மா உயிரோடு இருந்தாள். நான், "ஆமாம்" என்று தலையாட்டினேன்.